உயிரை உண்டாக்கிட்டாங்களாமே?

"ஆய்வகத்தில் உயிரை உருவாக்கி விஞ்ஞானிகள் சாதனை!" வருசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எனக்கு இப்படி ஒரு செய்தியை அனுப்பி விடுறாங்க. ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர் அனுப்புவார்: "எழுபது வருசமா முட்டி மோதியும் ஒரு கொசுவைக்கூட உண்டாக்க முடியலை, விஞ்ஞானம் தோத்துப் போச்சு!" ரெண்டையும் படிச்சுட்டு சும்மா இருந்துடலாம்னுதான் பார்த்தேன். முடியலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க. (ஏலக்காய் போட்ட டீயா இருந்தா இன்னும் விசேஷம். போடிக்காரன் வேற எதைச் சொல்வான்?)

என்னைக் கேட்டா இந்த ரெண்டு செய்தியும் ஒரே தப்பைத்தான் செய்யுது. உயிர்ங்கிறது லைட் ஸ்விட்ச் மாதிரி, போட்டா எரியும், போடாட்டி இருட்டுன்னு நினைச்சுக்கிட்டு எழுதினது. முதல் கட்சி ஸ்விட்சைப் போட்டாச்சுங்குது. ரெண்டாவது கட்சி இன்னும் போட முடியலைங்குது. அங்க ஸ்விட்சே கிடையாது. போடிமெட்டு ரோடு மாதிரி வளைவு வளைவா ஏறுற பாதை. எங்க மெட்டுக்காவது 17 கொண்டை ஊசி வளைவு, எண்ணிடலாம். உயிர் ஏறி வந்த பாதையில எத்தனை வளைவுன்னே இன்னும் எண்ணி முடிக்கலை. சில வளைவுகளைத் தனித்தனியா ஏறிக் காட்டியிருக்காங்க. கீழேயிருந்து உச்சி வரைக்கும் ஒரே மூச்சுல யாரும் ஏறலை. இதான் இன்னைக்கு நிலவரம். இந்த ஒரு வரியை நேர்மையா தமிழ்ல எழுத நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

சரி, கதைக்கு வருவோம். இது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னு நினைக்கிறவங்களுக்காக நம்ம பக்கத்து ஆட்களையும் சேர்த்தே சொல்றேன்.

குடுவைக்குள்ள மின்னல்

1953. சிகாகோ பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி மில்லர்னு ஒரு மாணவர். ஹரால்ட் யூரேங்கிற நோபல் பரிசு வாங்கின பேராசிரியர்கிட்ட இருந்தவர். கண்ணாடிக் குடுவைக்குள்ள மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களை அடைச்சு, தண்ணியைக் கொதிக்க வச்சு நீராவியைச் சுத்த விட்டு, மின்னலுக்குப் பதிலா மின்பொறி விட்டார். ஒரு வாரத்துல தண்ணி நிறம் மாறிப் போச்சு. எடுத்துப் பார்த்தா கிளைசின், அலனின்னு அமினோ அமிலங்கள். நம்ம உடம்புல இருக்குற புரதத்துக்கெல்லாம் செங்கல் இந்த அமினோ அமிலம்தான்.

2007-ல மில்லர் இறந்துட்டார். அவர் 1950-கள்ல செஞ்ச சோதனைகளோட மிச்சம் சின்னச் சின்னக் குப்பிகள்ல அப்படியே இருந்திருக்கு. அவரோட மாணவர் ஜெஃப்ரி பாடாவும் கூட்டாளிகளும் அதைப் புது கருவிகள்ல போட்டு ஆராய்ஞ்சாங்க. எரிமலைப் புகை மாதிரி நீராவியைப் பீய்ச்சி அடிச்சுச் செஞ்ச ஒரு சோதனையோட குப்பிகள்ல 22 அமினோ அமிலங்கள் இருந்துச்சுன்னு 2008-ல வெளியிட்டாங்க. மில்லர் காலத்துக் கருவியோட கண்ணுக்குத் தெரியாதது அரை நூற்றாண்டு கழிச்சுத் தெரிஞ்சிருக்கு.

ஆனா இதுல ஒரு 'ஆனா' இருக்கு. ஆரம்ப காலத்துப் பூமியோட காற்று மில்லர் நினைச்ச மாதிரி மீத்தேனும் அம்மோனியாவுமா இருந்திருக்காது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமா இருந்திருக்கும்னு பின்னால நிறைய பேர் சொன்னாங்க. அந்தக் கலவையில செஞ்சா விளைச்சல் கம்மி. அப்ப மில்லர் செஞ்சது வீணா? இல்லை. சாதாரண வாயுவுல இருந்து, யார் கையும் உள்ள போகாம, உயிரோட செங்கல் தானா வரும்னு அவர் காட்டினது நிக்குது. இதே மாதிரிதான் பூமியில நடந்துச்சுங்கிறது நிக்கலை. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லணும். செய்தி அனுப்புறவங்க பிரிக்க மாட்டாங்க.

சென்னையில படிச்ச காலிக்காரர்

சிரில் பொன்னம்பெருமா. இலங்கை காலியில 1923-ல பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்துல 1948-ல பி.ஏ. வாங்கினார். எதுல? வேதியியல் இல்லை, தத்துவம்! அப்புறம் லண்டன்ல வேதியியல், பிறகு அமெரிக்காவுல பெர்க்லியில மெல்வின் கால்வின்கிட்ட 1962-ல முனைவர் பட்டம். அங்கிருந்து நாசா. உயிர் எங்கிருந்து வந்ததுங்கிற தத்துவக் கேள்வியைச் சோதனைக் குழாய்க்குள்ள இறக்கிட்ட மனுசன்.

1963-ல மீத்தேன், அம்மோனியா, தண்ணி கலவை மேல எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அடினைன் வந்ததா காட்டினார். டி.என்.ஏ.வுல வர்ற நாலு எழுத்துல ஒண்ணு அது. ஆனா என்னை அதிகமா இழுத்தது அவரோட விண்கல் வேலைதான். 1969 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன்ங்கிற ஊர்ல ஒரு விண்கல் விழுந்துச்சு. அதுக்குள்ள அமினோ அமிலம் இருக்குன்னு 1970-ல பொன்னம்பெருமாவும் நாசா கூட்டாளிகளும் சொன்னாங்க. உடனே வர்ற சந்தேகம்: எவனாவது கையில தொட்டிருப்பான், விரல் ரேகையில இருந்து ஒட்டியிருக்கும்! நியாயமான சந்தேகம்தான். இதுக்கு அவங்க பதில் அழகு. அமினோ அமிலங்கள் பெரும்பாலும் நம்ம கை மாதிரி இடது, வலதுன்னு ரெண்டு உருவத்துல இருக்கும். பூமியில உயிர்கள் புரதம் கட்டுறதுக்கு இடக்கை வகையைத்தான் எடுத்துக்கும். விரல் பட்டு ஒட்டியிருந்தா இடக்கைதான் மிகுதியா இருக்கணும். கல்லுக்குள்ள ரெண்டும் ஏறக்குறைய சமமா இருந்துச்சு. போதாக்குறைக்குப் பூமியில எந்தப் புரதத்துலயும் சேராத அமினோ அமிலங்களும் இருந்துச்சு. ஆக, வானத்துல இருந்தே வந்த சரக்கு.

2023-ல நாசாவோட விண்கலம் பென்னுங்கிற சிறுகோள்ல இருந்து மண்ணை அள்ளிட்டு வந்துச்சு. 2025 ஜனவரியில முடிவு வெளிவந்தப்ப, நம்ம புரதங்கள் பயன்படுத்துற 20 அமினோ அமிலங்கள்ல 14-ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ரெண்டுக்கும் சேர்த்து வேண்டிய 5 எழுத்துகளும் அதுல இருந்துச்சு. பொன்னம்பெருமா 1994-லயே போய்ச் சேர்ந்துட்டார். இருந்து பார்த்திருக்கணும்.

இந்த மாதிரிச் செய்தி வந்தா நம்மாளு என்ன தலைப்பு வைப்பான்? "விண்கல்லில் உயிர்!" அதான் இல்லை. செங்கல் குவியலை யாராவது வீடுன்னு சொல்வாங்களா?

ஜீவாணு: ஒரு பெயர் செஞ்ச வேலை

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். இந்தக் கதை தமிழ்ல அதிகம் பேசப்படலைங்கிறது என்னோட ஆதங்கம்.

அலகாபாத் பல்கலைக்கழகத்துல கிருஷ்ண பகதூர்னு ஒரு வேதியியல் பேராசிரியர். மில்லருக்கு அடுத்த வருசமே, 1954-ல, பாராஃபார்மால்டிஹைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலை வெளிச்சத்துல வச்சு அமினோ அமிலம் கிடைச்சதா நேச்சர் இதழ்ல எழுதினவர். அப்புறம் 1960-கள்ல ஒரு படி மேல போனார். அம்மோனியம் மாலிப்டேட், பாஸ்பேட் உப்பு, வேற சில தாது உப்புகள், ஃபார்மால்டிஹைடு எல்லாம் கலந்து, கிருமி நீக்கம் செஞ்சு, வெயில்ல வச்சார். கண்ணாடிக் கட்டு, மின்பொறி எதுவும் வேண்டாம், நம்ம ஊர் வெயில் போதும்! அதுல நுண்ணோக்கியில மட்டும் தெரியுற குட்டிக் குட்டி உருண்டைகள் வந்துச்சு. அது வளருது, மொட்டு விட்டுப் பெருகுதுன்னு சொன்னார். அதுக்கு அவர் வச்ச பெயர் 'ஜீவாணு'. ஜீவன் பிளஸ் அணு. 1966-ல புத்தகமாவே போட்டார். ரங்கநாயகிங்கிற ஆய்வாளரும் அவரோட சேர்ந்து நிறைய கட்டுரைகள் எழுதியிருக்காங்க.

இப்பப் பாருங்க விதியோட விளையாட்டை. இது உண்மையா பொய்யான்னு பார்க்க நாசாவுல இருந்து 1967-ல ஒரு மதிப்பீடு எழுதினாங்க. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம பொன்னம்பெருமா! இந்தத் துகள்களோட தன்மை என்னன்னு இன்னும் தெளிவாகலைங்கிற ரீதியில அந்த மதிப்பீடு முடிஞ்சுது. பொய்னும் சொல்லலை, உயிர்னும் ஒத்துக்கலை. அதுக்கப்புறம் இந்தத் துறையோட பெரிய மேடைகள்ல ஜீவாணு மெல்ல ஓரங்கட்டப்பட்டுச்சு.

ரொம்ப வருசம் கழிச்சு, ஹங்கேரிக்காரரான டிபோர் காந்தியோட உயிரின் அடிப்படை பத்தின புத்தகம் 2003-ல ஆங்கிலத்துல வந்தப்ப இந்த ஜீவாணு திரும்பப் பேச்சுக்கு வந்துச்சு. அலகாபாத்துல அதுக்கப்புறமும் அந்த வேலையைத் தொடர்ந்து செஞ்சவங்க இருக்காங்க.

என் கருத்து இதுதான். பகதூர் செஞ்ச சோதனையில சரக்கு இருந்துச்சு. எளிய உப்பும் வெயிலும் சேர்ந்தா உருண்டையான, உள் அமைப்பு இருக்குற துகள் தானா வரும்ங்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதுக்கு 'வெயில் துகள்'னு ஏதாவது அடக்கமா பெயர் வச்சிருந்தா, ஆளாளுக்குச் செஞ்சு பார்த்து, அளந்து, எது சரி எது தப்புன்னு பிரிச்சிருப்பாங்க. 'ஜீவன்'னு வச்சதும் கேள்வியே மாறிப் போச்சு. "இது என்ன?"ன்னு கேட்க வேண்டிய இடத்துல "இது உயிரா இல்லையா?"ன்னு கேட்டாங்க. அப்படிக் கேட்டா பதில் 'இல்லை'தான். 'இல்லை'ன்னு ஆனதும் கூடையோட குப்பையில போட்டுட்டாங்க.

வெள்ளைக்காரன் நம்மாளை மதிக்கலைன்னு சிலர் சொல்வாங்க. அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அலகாபாத்துல இருந்து பேசினா கேக்குற காதும் சிகாகோவுல இருந்து பேசினா கேக்குற காதும் ஒண்ணு இல்லை. ஆனா மதிப்பீடு எழுதினவர்லயே ஒருத்தர் இலங்கையில பிறந்து சென்னையில படிச்சவர்ங்கிறப்ப, அந்தக் காரணத்தை மட்டும் பிடிச்சுத் தொங்க முடியாது.

பெரியப்பாவும் ஏலக்காய் ஸ்டோரும்

அடுத்து ஒரு பெரிய சிக்கல். செங்கல் இருக்கு, சரி. செங்கலைக் கோத்துச் சங்கிலி ஆக்கணும். ஆர்.என்.ஏ., புரதம் எல்லாமே நீளச் சங்கிலிதான். ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய வரணும். சுத்தியும் தண்ணியா இருந்தா அது எப்படி வெளிய வரும்? தண்ணிக்குள்ள கட்டினதைத் தண்ணியே பிரிச்சுப் போடும். கடல்லதான் உயிர் பிறந்துச்சுன்னு லேசா சொல்லிடுறோம், ஆனா வேதியியல் முட்டுக்கட்டை போடுது.

இதை எங்க பெரியப்பாவுக்கு விளக்கினேன். மேல ஏலத்தோட்டத்துல ஸ்டோர் பார்த்தவர். (வெளியூர்க்காரங்களுக்கு: ஸ்டோர்னா இங்க கடை இல்லை, பச்சை ஏலக்காயை உலர்த்துற கட்டடம்.) அவருக்கு உலர்த்துறதைப் பத்தி நான் சொல்லவா வேணும்? சுமார் அஞ்சு கிலோ பச்சைக்காய் உள்ள போனா ஒரு கிலோ காய்ஞ்ச காய் வெளிய வரும். மிச்சம் அம்புட்டும் தண்ணி. சூடு ஏறினா காய் வெடிக்கும், நிறம் போகும். சூடு குறைஞ்சா பூஞ்சை பிடிக்கும். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பார்க்குற வேலை.

"மலைச்சரிவுல பாறைக்குழியில மழைத்தண்ணி நிக்குதுல்ல பெரியப்பா, அது வெயில்ல சுண்டும். சுண்டச் சுண்ட உள்ள கரைஞ்சிருக்குறதெல்லாம் நெருங்கி வரும். தண்ணி விலகினதும் கண்ணியும் கண்ணியும் கோத்துக்கும். மறுபடி மழை பெஞ்சா கரைஞ்சு பக்கத்துச் சரக்கோட கலக்கும். மறுபடி காயும். இப்படியே லட்சக்கணக்கான தடவை" என்றேன்.

பெரியப்பா யோசிச்சுட்டுக் கேட்டார்: "ஏண்டா, அப்ப நம்ம ஸ்டோர் வாசல்லயே ஏதாவது முளைச்சிருக்கணுமேடா?"

இதே கேள்விக்கு டார்வின் 1871-லயே நண்பர் ஹூக்கருக்கு எழுதின கடிதத்துல பதில் சொல்லிட்டார். வெதுவெதுப்பான சின்னக் குளத்துல அப்படி ஏதாவது உருவானாலும், இன்னைக்கு இருக்குற உயிர்கள் அதை உடனே தின்னு தீர்த்துடும்ங்கிற அர்த்தத்துல. அன்னைக்குத் தின்ன ஆள் இல்லை. இன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணியிலயும் ஏகப்பட்ட பாக்டீரியா பந்தி போட்டு உக்காந்திருக்கு. பெரியப்பா ஒத்துக்கிட்டார். "காலிப் பந்தியில முதல் ஆளா உக்காந்தவனுக்குத்தான் யோகம்" என்றார்.

சரி, இதைச் சோதனைக்கூடத்துல யார் செய்யுறா? உலகத்துல பல பேர். நம்ம நாட்டுல புனே ஐசர்ல சுதா ராஜாமணிங்கிற ஆய்வாளர். டேவிட் டீமர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானியோட சேர்ந்து 2008-ல அவர் முதல் ஆளா எழுதின கட்டுரை இந்தக் காய்ஞ்சு நனையுற வேலைதான். ஆர்.என்.ஏ.வோட கண்ணிகளைக் கொழுப்புப் பொருளோட கலந்து, சூட்டுல காய வச்சு, நனைச்சு, காய வச்சு... திரும்பத் திரும்ப. கொழுப்பு அடுக்கடுக்கா படியும்போது கண்ணிகள் நடுவுல ஒழுங்கா மாட்டிக்குது. எந்த நொதியும் இல்லாம ஆர்.என்.ஏ. மாதிரி சங்கிலிகள் கிடைச்சுது.

இந்த 'மாதிரி'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. கட்டுரைத் தலைப்புலயே 'ஆர்.என்.ஏ. மாதிரி'ன்னுதான் போட்டாங்க. பகதூர் செய்யாதது இதுதான். 2015-ல புனேயில இருந்து அவங்களே அந்தச் சங்கிலியைக் குடைஞ்சு பார்த்து எழுதினாங்க: சங்கிலி வந்திருக்கு, ஆனா அந்த அமிலச் சூட்டுல பல கண்ணிகள்ல இருந்து எழுத்து கழண்டு விழுந்துடுது. அதாவது நூல் இருக்கு, மணி உதிர்ந்து போச்சு. எழுத்து இல்லாத ஆர்.என்.ஏ.வால என்ன செய்தியைச் சுமக்க முடியும்? தன்னோட பழைய முடிவுலயே ஓட்டை எங்கன்னு தானே தேடி, அதை அச்சுல போடுறாங்க. அதோட நிக்காம, ஆதி காலத்துல இன்னைக்கு இருக்குற எழுத்தே இருந்திருக்கணுமா, உதிராத வேற எழுத்து இருந்திருக்குமான்னு அடுத்த கேள்விக்குப் போறாங்க.

இதைத் தோல்வின்னு எழுதினா அது எவ்வளவு பெரிய அநியாயம்!

பை எங்க?

சங்கிலி மட்டும் போதாது, அதை வச்சுக்க ஒரு பை வேணும். செல்னாலே பைதானே. இதுல சந்தோஷமான செய்தி: பை சுலபமா வரும். சோப்பு வகையைச் சேர்ந்த கொழுப்பு அமிலங்களைத் தண்ணியில விட்டா, சரியான பக்குவத்துல தானாவே உருண்டு பை ஆயிடும். ஜாக் சாஸ்டாக் (2009-ல மருத்துவ நோபல் வாங்கினவர், அது வேற வேலைக்கு) குழுவினர் 2003-ல, ஒரு வகைக் களிமண் இந்தப் பைகள் உருவாகுறதை வேகப்படுத்துதுன்னு காட்டினாங்க. அதே களிமண்ணுல ஆர்.என்.ஏ. ஒட்டியிருந்தா அதுவும் பைக்குள்ள போயிடுது.

துக்கமான செய்தி: ஆர்.என்.ஏ. நகல் எடுக்க மக்னீசியம் வேணும். மக்னீசியம் பட்டா கொழுப்பு அமிலப் பை உடைஞ்சுடும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டுல! 2013-ல சாஸ்டாக்கும் அவரோட இருந்த அடமாலாவும் சிட்ரேட்டைச் சேர்த்தா ரெண்டும் சமாதானமா இருக்கும்னு காட்டினாங்க. அப்ப அடுத்த கேள்வி, அன்னைக்குப் பூமியில அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து வந்துச்சு? இப்படித்தான் போகும். ஒரு வளைவு தாண்டினா அடுத்த வளைவு.

புனேக்காரங்க இன்னொரு நல்ல வேலை செஞ்சாங்க. சுத்தமான ஆய்வகத் தண்ணியில எல்லாமே நல்லாத்தான் நடக்கும், நிஜத் தண்ணியில நடக்குமா? லடாக் பக்கத்து வெந்நீர் ஊற்றுத் தண்ணியைக் கொண்டு வந்து அதுல பை நிக்குதான்னு பார்த்தாங்க. ஒரே வகைக் கொழுப்பை விடக் கலப்படக் கொழுப்புல செஞ்ச பை அதிகம் தாக்குப் பிடிச்சுது. சுத்தத்தை விடக் கலப்படம் உசத்தி! (சாதி பார்க்குறவங்க இதைப் படிக்கலாம். :-))

இதனால யாருக்கு என்ன பிரயோசனம்?

இந்தக் கேள்வி எங்க ஊர்க்காரனுக்குப் புதுசு இல்லை. போடி மேற்கு மலைக்குள்ள, பொட்டிப்புரத்துப் பக்கம், சுரங்கம் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அப்புறம் போராட்டம், வழக்கு, 2022-ல தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்புன்னு கதை நீண்டுச்சு. தண்ணி, காடு, புலி நடமாட்டம் பத்தின கவலைகளை நான் லேசா எடுத்துக்கலை. அது தனிப் பதிவுக்கான விஷயம். இங்க நான் சொல்ல வர்றது வேற. அந்த வருசங்கள்ல எங்க டீக்கடைகள்ல ரெண்டு பேச்சுதான் ஓடிச்சு. ஒண்ணு, "மலைக்குள்ள அணுகுண்டு வைக்கிறாங்க". இன்னொண்ணு, "வந்தா நமக்கு நோபல் பரிசு". நியூட்ரினோன்னா என்ன, அதைப் பிடிக்க ஏன் மலை வேணும்ங்கிற பேச்சைத்தான் குறைச்சலா கேட்டேன். ஒருபக்கம் பயம், ஒருபக்கம் பெருமை, நடுவுல விஷயம் காணோம்.

உயிரோட தோற்றம் பத்தின ஆராய்ச்சிக்கும் தமிழ்ல இதே கதிதான்.

பிரயோசனம் கேக்குறவங்களுக்கு ஒரு சாம்பிள் தர்றேன். மேல சொன்ன டேவிட் டீமர், சவ்வுகளைத் தாண்டி மூலக்கூறுகள் எப்படிப் போகும்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தவர். 1989-ல ஒரு யோசனை: சவ்வுல ஒரு குட்டி ஓட்டை போட்டு டி.என்.ஏ. இழையை அது வழியா இழுத்தா, ஒவ்வொரு எழுத்தும் தாண்டும்போது மின்னோட்டம் மாறும், அதை வச்சே படிச்சுடலாமே! இன்னைக்கு உள்ளங்கையில அடங்குற டி.என்.ஏ. படிக்கும் கருவி அந்த யோசனையில வந்ததுதான். 2015-ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா பரவினப்ப அதைப் பெட்டியில தூக்கிட்டுப் போய் வைரஸோட மரபணுவை அங்கேயே படிச்சாங்க.

இது போனஸ்தான். போனஸுக்காக மட்டும் யாரும் வேலைக்குப் போறதில்லை. நாம எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறது தப்பில்லை. குலதெய்வம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடி மூணு மாவட்டம் பஸ்ல போறோம். 350 கோடி வருசத்துக்கு முந்தின பாட்டனைத் தேடுறதுக்கு மட்டும் ஏன் கணக்குக் கேக்கணும்?

சக பதிவர்களுக்கு ஒரு கோரிக்கை

அறிவுரை சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனா இந்த மாதிரிச் செய்தி கைக்கு வந்தா, எழுதுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுப் பாருங்கன்னு சொல்லிக்கிறேன்.

1. எதை வச்சு ஆரம்பிச்சாங்க? வெறும் வாயுவும் உப்புமா, இல்லை ஏற்கெனவே பாதி கட்டின சரக்கா?
2. நடுவுல எத்தனை தடவை மனுசன் கை வச்சான்?
3. எந்தப் படி நடந்துச்சு, எந்தப் படி நடக்கலை?
4. வேற யாராவது செஞ்சு பார்த்தும் அதே வந்துச்சா?

2010-ல கிரேக் வெண்ட்டர் 'செயற்கை செல்' செஞ்சப்ப உலகமே குதிச்சுது. முதல் கேள்வியைக் கேட்டா போதும். மரபணுத் தொகுதியைத்தான் வேதியியல் முறையில கட்டினாங்க, அதுவும் இருக்குற ஒரு பாக்டீரியாவைப் பார்த்து எடுத்த நகல். அதை வச்சது உயிரோட இருந்த இன்னொரு பாக்டீரியாவுக்குள்ள. மகா பெரிய வேலை, மறுக்கலை. ஆனா அது உயிர் எப்படி முதல்ல வந்துச்சுங்கிற கேள்விக்குப் பதில் இல்லை. மில்லரை நாலாவது கேள்வியில போட்டுப் பாருங்க, தேறிடுவார், உலகம் பூராவும் திரும்பச் செஞ்சிருக்காங்க. ஜீவாணு அந்தக் கேள்வியிலதான் மாட்டிக்கிச்சு.

"அப்ப கடவுள்?"னு கேக்க வர்றவங்களுக்கு: இந்தச் சோதனைகள் எதுவும் கடவுள் உண்டுன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. எந்த உப்பு எந்தச் சூட்டுல என்ன ஆகுதுன்னுதான் சொல்லுது. 'இன்னும் தெரியலை'ங்கிற இடத்தையெல்லாம் சாமிக்குப் பட்டா போட்டுக் கொடுத்தா, நாளைக்குத் தெரிய வர்றப்ப சாமியைத்தான் காலி பண்ணச் சொல்வீங்க. அது சாமிக்கும் மரியாதை இல்லை.

எங்க ஊர் ஏலக்காய்க் குடோன்கள்ல பொம்பளைங்க உக்காந்து காய் பிரிப்பாங்க. முழுசு தனி, வெடிச்சது தனி, நிறம் போனது தனி, பொடிசு தனி. எல்லாத்துக்கும் விலை உண்டு, எதையும் தூக்கி எறியறதில்லை. ஆனா வெடிச்சதை முழுசுன்னு மூட்டையில போட்டா ஏலத்துல அந்த மூட்டையோட பேரே கெட்டுப் போகும். ஆராய்ச்சிச் செய்தியை எழுதுறவங்களும் அந்தப் பிரிக்கிற வேலையைச் செஞ்சா போதும்ங்கிறேன். செங்கல் வந்தா செங்கல்னு எழுதுங்க. பை வந்தா பைன்னு எழுதுங்க. 'உயிர்'ங்கிற வார்த்தையைப் பத்திரமா எடுத்து வைங்க, ஒருநாள் நிஜமாவே தேவைப்படும்.

டிஸ்கி: சுதா ராஜாமணி, பகதூர், பொன்னம்பெருமா மூணு பேரைப் பத்தியும் தமிழ்ல தனித்தனியா யாராவது எழுதினா முதல் ஆளா வந்து பின்னூட்டம் போடுறேன். வேதியியல் தெரிஞ்சவங்க, பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குறவங்க யாராவது முன்னால வாங்கப்பா. ஏலக்காய் டீ என் செலவு.